எத்தனை நாளில் தெரியுமுங்க?

தலை சம்பந்தப்பட்ட எந்த வைத்தியமானாலும் எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாள்ல குணம் தெரியுமுங்க?" என்ன நோய், எதனால் வந்தது என்பதெல்லாம் அப்புறம். சேலத்தில் ஒரு நரம்பியல் மருத்துவமனையில் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுக்கும் வேலையை ரொம்ப வருஷம் பார்த்தவள் நான். ஆத்தூர், மேச்சேரி, சங்ககிரி, பரமத்திவேலூர் என்று எந்தப் பக்கமிருந்து வந்த குடும்பமானாலும் என் அறையை விட்டுப் போகுமுன் இதைக் கேட்டுவிட்டுத்தான் போகும். இப்போது நெற்றியில் மாட்டும் பட்டையும் செல்போன் ஆப்புமாக, மூளை அலையை வீட்டிலேயே பழக்கும் நியூரோஃபீட்பேக் கருவிகள் வந்துவிட்டன. படிப்பில் மனம் நிற்காத பிள்ளைக்கு, தூக்கம் வராத மாமனாருக்கு என்று வாங்கிவிட்டு என்னிடம் வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் அவசரம் இல்லை, கணக்கு இருக்கிறது. வெண்ணந்தூர், இளம்பிள்ளை, பள்ளிபாளையம் பக்கத்தில் ஒருவர் வைத்தியத்துக்கு உட்கார்ந்தால் கூட ஒருவர் தறியை நிறுத்திவிட்டு வரவேண்டும். இரண்டு பேர் கூலி போகும். எத்தனை நாளைக்கு அந்தக் கூலியை விடுவது என்பதைத்தான் கேட்கிறார்கள். டாக்டர்களில் பலர் இதைப் பொறுமையின்மை என்று நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதுமே வருத்தம்.

எங்கள் பெரியவர்களிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது: ஒரு மண்டலம். 48 நாள். சித்த மருந்துக்கும் பத்தியத்துக்கும் அதுதான் கெடு. கும்பாபிஷேகம் முடிந்த கோயிலில் மண்டல பூசை நடப்பதும் அந்தக் கணக்கில்தான். புத்தி பேதலித்தவர்களை அழைத்துப்போவதென்றால் குணசீலம். நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகக் காவிரியின் வடகரையோடே போனால், திருச்சி வருமுன் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். காலையில் ஆற்றுக் குளியல், பூசை, உச்சிக்காலத்திலும் ராத்திரியிலும் முகத்தில் அடிக்கும் தீர்த்தம். இப்படி 48 நாள் அங்கேயே தங்கவேண்டும். மனநோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போவதில்லை, வீட்டிலிருந்து ஒருவர் கூடவே இருப்பார்.

என் அப்பாவின் சித்தப்பா மகன் ஒருவர் அப்படிப் போய் வந்தவர். நான் பிறப்பதற்கு முந்திய சங்கதி. ஆள் தறிக்குழியை விட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தால் எங்கே போவாரென்று தெரியாதாம். அவர் அம்மா வெள்ளாட்டை விற்றுவிட்டு மகனோடு குணசீலத்தில் போய் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது சோறும் தூக்கமும் சீராகியிருந்தன. பேச்சு பழையபடி வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது என்று அப்பா சொல்வார். அந்தக் கிழவி மண்டலம் முடிந்த பிறகும் தினம் விடிகாலையில் மகனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலைக்கு ஊற்றி, அவர் தறியில் உட்கார்ந்தால் எதிரே நூல் சுற்றித் தாரோட்டிக்கொண்டு இருப்பாராம். ஊரெல்லாம் பெருமாளின் தீர்த்தத்தைப் பற்றிப் பேசியது. தாரோட்டிய அம்மாவைப் பற்றி அப்பா ஒருவர்தான் பேசினார்.

இப்படித் தங்கிப் பார்க்கும் வழக்கத்தில் கொடுமையும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்த காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அங்கே கூட இருக்க ஆள் இல்லை, சங்கிலிதான் இருந்தது. அதற்குப் பிறகு அரசு உரிமம், மருத்துவர் வருகை என்றெல்லாம் கட்டாயமாயிற்று. குணசீலத்திலும் கோயிலை ஒட்டி உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் வந்தது, தீர்த்தத்தோடு மாத்திரையும் சேர்ந்தது.

அடுத்த வருஷமே, 2002இல், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை, வந்த அன்றும் புறப்படும் அன்றும் முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு. பெரும்பாலோர் கடுமையான மனச்சிதைவு நோய் கொண்டவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருக்கிறார்கள், கிட்டத்தட்ட ஒரு மண்டலம். நோய்க்குறிகளின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குறைந்திருந்தது. அந்தக் கோயிலில் பேயோட்டுவது, அடிப்பது எதுவும் கிடையாது. காலையில் கொஞ்சம் பிரார்த்தனை, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூடவே வீட்டு ஆள். ஐந்தில் ஒரு பங்கு என்பது முழு குணம் ஆகாது. ஆனால் வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடக்கூடிய அளவும் அல்ல. இந்த ஆய்வை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கருவிக் கதையிலும் இதே முடிச்சு வருகிறது.

கருவிக் கதை 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் தொடங்குகிறது. ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மண்டையின் மேலிருந்தே மூளையின் மின்னலையைப் பதிவுசெய்தார். தான் பார்த்தது நிஜமா என்ற சந்தேகத்திலேயே ஐந்து வருஷம் சோதித்துக்கொண்டிருந்து, 1929இல்தான் வெளியிட்டார். தன் மகனின் தலையிலும் கம்பி வைத்துப் பார்த்தவர். கண்ணை மூடினால் நொடிக்குப் பத்து முறை போல ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை வரும், கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். உலகம் அதை ஒத்துக்கொண்டது 1934இல், கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் என்ற விஞ்ஞானி செய்து காட்டிய பிறகு.

நான் வேலை பார்த்த அறையிலும் தினமும் முதலில் தேடுவது அந்த ஆல்ஃபாவைத்தான். அதற்கு முன்னால் எண்ணெயோடு ஒரு போராட்டம். எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்பப் பிடிக்காது. எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு நிற்காது, சிக்னலும் சரியாக வராது. "சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிச்சு, காயவச்சு, எண்ணெய் வைக்காம வாங்க" என்று முதல் நாளே சீட்டில் எழுதிக்கொடுத்தாலும் பத்தில் சிலர் வகிடு மினுமினுக்கத்தான் வருவார்கள். மூக்குத் தண்டின் மேல் குழியிலிருந்து பின்மண்டை மேடு வரைக்கும் டேப் வைத்து அளந்து, நூற்றுக்குப் பத்து, இருபது என்று பிரித்து மையால் புள்ளி வைத்து, முடியை விலக்கி, பேஸ்ட் தடவி ஒவ்வொரு கிண்ணத்தையும் அழுத்தவேண்டும். என் ஆரம்ப காலத்தில் பேனா ஓடும் மெஷின். நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் காகிதம் ஓடும், பத்து நொடிக்கு ஒரு பக்கம், இருபது நிமிஷத்துக்கு 120 பக்கம். "கண்ணை மூடிக்கோங்க" என்று சொன்னதும் பின்மண்டைப் பேனாக்கள் நான்கும் ஒரே தாளத்தில் ஆட ஆரம்பிக்கும். மூடிய கண்ணோடு மனசுக்குள் கணக்குப் போட்டாலே அந்தத் தாளம் கலையும். பல்லைக் கடித்தால் காகிதமே கறுக்கும். இமை தட்டினால் முன்மண்டைப் பேனா எகிறும். மூளை எது, தசை எது என்று பிரித்துப் பார்க்கும் கண் வர வருஷங்கள் ஆகும்.

இந்த அலையை மனிதன் தானாக மாற்ற முடியுமா என்ற தேடல் நம் நாட்டு வாசலுக்கும் வந்தது. 1950களில் மிஷிகனிலிருந்து பாக்சி, கலிஃபோர்னியாவிலிருந்து வெங்கர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு இந்தியா முழுக்க யோகிகளைத் தேடி அலைந்தார்கள். இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்டவர்களை அவர்கள் டெல்லி ஆராய்ச்சியாளர் பி.கே. ஆனந்தோடு சேர்ந்து சோதித்த கட்டுரை 1961இல் வந்தது. சென்னையில் இருந்த யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரும் சோதனைக்கு உடன்பட்டவர்களில் ஒருவர். இதயம் நிற்கவில்லை, மூச்சையும் நெஞ்சுத் தசையையும் இறுக்குவதால் நாடி தட்டுப்படாமல் போகிறது என்று கண்டார்கள். உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார்கள்.

அதே 1961இல் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை அலையைப் பற்றி எழுதினார்கள். தியானத்தில் இருக்கும்போது வெளிச்சமோ சத்தமோ அவர்கள் ஆல்ஃபாவைக் கலைக்கவில்லை. இரண்டு பேர் 4 டிகிரி குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தும் அலை கலையவில்லை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசியில் வரும் ஒரு சின்னக் குறிப்பு. யோகம் பழக வந்த புதியவர்களில் யாருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா நன்றாக இருந்ததோ அவர்களே ஆர்வத்தோடு தொடர்ந்து பழகினார்களாம். 'எத்தனை நாள்' என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள்.

நாள் எண்ணிச் சொன்ன ஆள் என்றால் ஜோ காமியா என்ற ஆராய்ச்சியாளர். 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரை இருட்டறையில் படுக்கவைத்து, மணி அடிக்கும்போதெல்லாம் உனக்கு இப்போது ஆல்ஃபா ஓடுகிறதா இல்லையா என்று கேட்டார், விடை சரியா தப்பா என்று உடனே சொன்னார். முதல் நாள் நூற்றுக்கு ஐம்பது, குருட்டாம்போக்கு. இரண்டாம் நாள் அறுபத்தைந்து. மூன்றாம் நாள் எண்பத்தைந்து. நான்காம் நாள் சொன்னதெல்லாம் சரி. உள்ளே ஓடும் அலையை அடையாளம் கண்டுகொள்ள நான்கே நாள்! இன்றைக்குக் கருவி விற்பவர்கள் சொல்லும் 'சில நாட்களில் மாற்றம்' என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் காமியா காட்டியது அலையைத் தெரிந்துகொள்வதை மட்டும். அந்த மாணவனுக்கு நோயும் இல்லை, குணமாக வேண்டிய எதுவும் இல்லை.

இந்தப் பயிற்சி நோய்க்கு வந்தது பாரி ஸ்டெர்மன் கையால். லாஸ் ஏஞ்சலிஸில் 1960களின் நடுவில் பூனைகளை வைத்து ஆராய்ந்தவர். உடம்பு அசையாமல் ஆனால் விழிப்பாக இருக்கும்போது நொடிக்கு 12 முதல் 15 வரை வரும் ஒரு அலையைப் பூனை வரவழைத்தால் பாலும் கோழிச்சாறும் கலந்து கொடுத்தார். பூனைகள் கற்றுக்கொண்டன. பிற்பாடு வலிப்பை உண்டாக்கும் ராக்கெட் எரிபொருள் நச்சை வேறொரு சோதனைக்காகப் பூனைகளுக்குக் கொடுத்தபோது, பயிற்சி பெற்றவை வலிப்பு வராமல் ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தன. யாரும் எதிர்பாராத விஷயம் அது.

1971இல் 23 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். மாதம் இரண்டு முறை போல வலிப்பு. சரியான அலை வந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. மாதங்கள் செல்லச் செல்ல வலிப்பு குறைந்து, அவர் கலிஃபோர்னியாவில் கார் ஓட்டும் லைசென்ஸே வாங்கினார். 1972இல் வெளியான அந்தச் சரித்திரத்தை முதன்முதலில் படித்தபோது லைசென்ஸ் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரியாலும் போர்வெல் ரிக்காலும் சோறு தின்கிற ஊர்கள். நம் நாட்டு லைசென்ஸ் விண்ணப்பத்தின் உடல்தகுதி உறுதிமொழியில் வலிப்பு உண்டா என்பது ஒரு கேள்வி. அதற்கு 'இல்லை' என்று எழுதிவிட்டு, என் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அம்மிணி, இது ரிப்போர்ட்டுல வருமா? வண்டிய விட்டா வேற பொழப்பு இல்லம்மா" என்று குரல் உடைந்து கேட்ட டிரைவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தக் கலிஃபோர்னியாப் பெண்ணின் கதை எவ்வளவு பெரிய ஆசையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மிச்சக் கதையையும் சொல்லவேண்டியிருக்கிறது. அடுத்தடுத்து வந்த ஸ்டெர்மனின் நோயாளிகளுக்குப் பயிற்சியை நிறுத்திய சில வாரங்களில் வலிப்பு திரும்பியது. மாத்திரையை விட்டுவிட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பது கொலைக்குச் சமம். இதை யாரிடமும் நயமாகச் சொல்ல நான் முயன்றதில்லை.

1976 வாக்கில் டென்னஸியில் ஜோயல் லூபார் என்ற ஆராய்ச்சியாளர் இதே முறையைத் துறுதுறுப்பு மிகுந்த, கவனம் நிற்காத பிள்ளைகளுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் '40 சிட்டிங்' என்ற பேச்சு பரவியது. வாரம் இரண்டு மூன்று என்று வைத்தால் மூன்று முதல் ஐந்து மாதம். நிம்ஹான்ஸில் ஜமுனா ராஜேஸ்வரனும் அவர் குழுவும் தலையில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது 20 சிட்டிங் வைத்தார்கள். 20, 30, 40 எல்லாமே ஆராய்ச்சிக்காரர்கள் அனுபவத்திலும் வசதியிலும் வைத்த வரம்புகள். மூளை இத்தனையாவது சிட்டிங்கில் மாறும் என்று யாரும் சட்டம் கண்டுபிடிக்கவில்லை. 48க்கு இருந்தது போலவே 40க்கும் ஒரு மரியாதை சேர்ந்துவிட்டது.

பெரிய பரீட்சை 2021இல் வெளியானது. அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுள்ள கவனம் நிற்காத 140க்கும் மேற்பட்ட பிள்ளைகள், 38 சிட்டிங். ஒரு கூட்டத்துக்குத் தங்கள் மூளை அலையைக் கொண்டே பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு முன்பே பதிவுசெய்த வேறு பிள்ளையின் அலை, இந்தப் பிள்ளையின் கண்சிமிட்டலை மட்டும் மேலே ஏற்றி. யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுப்பவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு கூட்டமும் நன்றாகவே தேறியது, ஒரு வருஷம் கழித்தும் தேறியபடியே இருந்தது. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

முத்துசாமி கோயிலின் முடிச்சு இதுதான். தேறியது நிஜம். ஆனால் தேற்றியது அலையா என்றால், அப்படிக் காட்ட முடியவில்லை. மாதக்கணக்கில் குறித்த நேரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போன அம்மா, பக்கத்திலேயே உட்கார்ந்து "அப்படித்தான், நல்லா பண்றே" என்று சொன்ன ஆள், அசையாமல் ஓரிடத்தில் இருந்து பழகிய நேரம், நேரத்துக்குத் தூக்கம் என்று இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தவற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது. குணசீலத்தில் வெள்ளாட்டை விற்றுப் போய் உட்கார்ந்த என் பாட்டி முறைக்காரரை நான் அந்தக் கட்டுரைக்குள் பார்க்கிறேன்.

வீட்டில் செய்தால்? ஐரோப்பாவில் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளை வீட்டிலேயே கருவியோடு பழகவைத்து, மருந்து எடுக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2022இல் ஒரு முடிவு வந்தது. மருத்துவரின் மேற்பார்வையோடு, மூன்று மாத அளவில் நடந்தது. இரண்டு பக்கமும் முன்னேற்றம், ஆனால் மருந்தின் பக்கம்தான் கூடுதல். மருந்துக்கு ஈடு என்று நிரூபிக்க முடியவில்லை. அதுவும் எலக்ட்ரோடு தொப்பியோடு செய்தது. 2014இல் மியூஸ் என்ற பட்டை வந்த பிறகு கடையில் கிடைக்கும் நெற்றிப் பட்டைகளில் சென்சார்கள் சில மட்டும்தான். நெற்றியில் வியர்வையோ எண்ணெயோ இருந்தால், பக்கத்தில் விசைத்தறி மோட்டார் ஓடினால், பிள்ளை பல்லைக் கடித்தால், கருவியின் மணி தப்பாக அடிக்கும். அது மூளைக்கு அடிக்கிறதா தாடைக்கு அடிக்கிறதா என்று சொல்ல அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அதற்காக வாங்காதே என்று நான் சொல்வதில்லை. சேலத்திலிருந்து பெங்களூருக்கு 200 கிலோமீட்டர். 20 சிட்டிங்குக்கு அங்கே அறை எடுத்துத் தங்கத் தறிக் குடும்பத்தால் ஆகாது. வீட்டில் செய்யலாம் என்பது அவர்களுக்கு நியாயமான ஆறுதல்தான். எனக்குள்ள பயம், கருவி வந்த சாக்கில் கூட உட்காரும் ஆள் காணாமல் போவதைப் பற்றியது. பிள்ளையை ஒரு அறையில் பட்டையோடு உட்காரவைத்துவிட்டு அம்மா தறிக்கும் அப்பா வண்டிக்கும் போய்விட்டால், 2021 பரீட்சையில் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்த அந்த ஒன்றைத்தான் கழற்றி எறிகிறோம்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. ஆப்பில் மார்க் ஏறுவது ஒரு வாரத்திலேயே நடக்கலாம், அதற்குச் சந்தோஷப்படவேண்டாம், காமியாவின் மாணவன் நான்கு நாளில் செய்ததுதான் அது. தூக்கம், பள்ளிக்கூட டீச்சர் சொன்னது, கோபம் வந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அதையும் பட்டை மாட்டுகிறவர் எழுதாமல் பக்கத்தில் இருப்பவர் எழுதவேண்டும். வாரம் மூன்று என்று 20 சிட்டிங் முடிந்தும், அதாவது ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியும், நோட்டில் ஒன்றும் மாறவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இன்னும் 40 வாங்கு என்று ஆப் சொல்வதைக் கேட்காதீர்கள். மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது.

வெண்ணந்தூரில் ஒரு தாய் தன் மகனோடு இப்படிச் செய்துகொண்டிருக்கிறார். தினம் சாயந்திரம் தறியை அரைமணி நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்காருகிறார். நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பையன் ராத்திரி எழுந்து நடப்பது குறைந்திருக்கிறது, வீட்டுப்பாடத்தை உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கும் நாட்கள் கூடியிருக்கின்றன. "இது பட்டையாலீங்களாக்கா, இல்ல நான் கூட உக்காருறதாலீங்களா?" என்று கேட்டார். இரண்டையும் பிரித்துச் சொல்ல இப்போது எந்த டாக்டராலும் முடியாது, பட்டை பழுதானால் புதிதாக வாங்கக் கடன் வாங்கவேண்டாம், ஆனால் அந்த அரைமணிக்குத் தறியை ஓட்டிவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.